நடுத்தூண்

பெட்டியின் மூடியை எடுத்ததும் சகாயதாஸ் மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளங்கையைப் புரட்டிப் பார்த்தார். நகக்கண்ணில் கறுப்பாகக் கிரீஸ். ஆஸ்பத்திரியில் கழுவியும் போகவில்லை. மூத்தவன் கடலோடு போனபிறகு, இளையவன் வள்ளத்தில் காலே வைக்கக்கூடாது என்று சானுவை வடக்கே ரயில் பாலத்து வேலைக்கு அனுப்பியது அவர்தான்.

அவனோடு அங்கே வேலை பார்த்த பிபின்தான் விமானத்தில் பெட்டியோடு பொழியூருக்கு வந்திருந்தான். பந்தல் ஓரத்தில் நின்றவனைச் சகாயதாஸ் வேலிப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

“நெஞ்சு வலிச்சா ஒடனே கரைக்குக் கொண்டு போவண்டாமாலே?”

“கரை இல்ல மாமா.”

“ஆத்துக்குக் கரை இல்லியா?”

பிபின் இடது முஷ்டியின் மேல் வலது கையைப் பலகைபோல வைத்தான்.

“ஆத்துக்க நடுவுல ஒரு தூணு. அதுக்க மேலதான் பாலம் இருக்கு. வெள்ளக்காரன் நீராவிக் கப்பலு போவதுக்குக் கெட்டினதாக்கும். பல்சக்கரத்தைச் சுத்தினா இப்பிடித் திரும்பும்.” பலகைக் கை மெல்லத் திரும்பியது. “ஆத்துக்க நீளத்துக்கு நிக்கும். ரெண்டு முனையும் அந்தரத்துல. அண்ணைக்கு வெயிலுல இரும்பு வீங்கிட்டு. திருப்பிச் சேக்கப் பாத்தா முனை ஏறல்ல. அங்கயும் இங்கயும் போவ வழியில்லாம நாங்க நடுவுல பெட்டுட்டோம்.”

“வள்ளம்?”

“வந்துது. கடலு ஏறி எறங்குத ஆறாக்கும்; தண்ணி வத்தின நேரம், ஒக்க சேறு. கிட்ட வர வைகிப்போச்சு. கயறு கெட்டியாக்கும் இவனை எறக்கினோம். தண்ணி தண்ணின்னு கேட்டான் மாமா. குப்பி காலி. கீழ உள்ளது உப்பு.”

கடலரிப்புக்குப் போட்ட கற்களின்மேல் அலை ஏறி இறங்கியது. 

“எந்தக் கப்பலுக்காக்கும் பாலத்தைத் தொறந்தீங்க?”

“இப்பம் கப்பலு ஒண்ணும் வராது மாமா. துருப்பிடிக்காம இருக்க எடைக்கெடைக்கு எண்ணெ விட்டுச் சும்மா திருப்பி வைக்கணும். அதுக்குத்தான்.”

அவர் திரும்பிப் பந்தலுக்குள் வந்தார். சானுவின் மனைவி ஜோஸ்னா பெட்டியருகே இருந்தாள்.

“அப்பா, பிபின் என்ன சொன்னான்? இவரு ரொம்பக் கஷ்டப்பட்டாரா?”

“இல்ல மக்கா. ஒடனே தீந்துட்டு. அவன் ஒண்ணும் அறியல்ல.”

ஜோஸ்னா தலையாட்டினாள். பெட்டிக்குள் கைவிட்டு, மடங்கிக் கிடந்த சட்டைக் காலரை நிமிர்த்தினாள். கையை எடுத்ததும் அது மறுபடி மடங்கியது. அவள் மறுபடி நிமிர்த்தினாள்.