வீட்டில் ஒரு பேச்சு, மேடையில் ஒரு பேச்சு

நான் இதழியல் படிக்கக் கூடாது என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பேன். அம்மா இருபது வருடம் நிருபராக இருந்தவள். அவள் கடைசியாக வேலை பார்த்த பத்திரிகையை இழுத்து மூடியதும், பல்கலைக்கழகத்தில் அதே இதழியலுக்குத் தற்காலிக விரிவுரையாளராகப் போய்ச் சேர்ந்தாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுப்பாளாம், பெற்ற பெண் மட்டும் கணக்கியல் படிக்க வேண்டுமாம். இது எந்த ஊர் நியாயம்?

விண்ணப்பத்தில் பெற்றவர் கையெழுத்து வேண்டும். அப்பா இல்லை. அம்மாவை விட்டால் வேறு ஆளும் இல்லை.

"என் கை விளங்காமப் போனாலும் போகும், அதுல கையெழுத்துப் போடாது. அது பொழப்பு இல்லடி, பாழுங்கிணறு" என்று சொல்லிவிட்டு குக்கரை இறக்கி வைத்தாள்.

மறுநாள்தான் விண்ணப்பிக்கக் கடைசி நாள். அன்று சேர வருகிறவர்களுக்கும் பெற்றோருக்கும் அம்மாவின் துறையில் அறிமுகக் கூட்டம் வைத்திருந்தார்கள். அம்மாவிடம் மூச்சு விடாமல் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். சுவர் முழுக்கப் பழைய மாணவர்களின் சிரித்த முகங்கள். மேலே கொட்டை எழுத்தில், 'எங்கள் மாணவர்கள் எல்லோரும் ஊடகத்தில்!'

"களத்துல பழம் தின்னு கொட்டை போட்டவங்க" என்று துறைத் தலைவர் அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டார். என்னைப் பார்த்ததும் மேடைப் படியில் தடுக்கினாள். அப்புறம் சமாளித்துக்கொண்டு, தலைவர் கொடுத்த தாளைப் பார்த்துப் படித்தாள்.

"இந்தப் படிப்புக்கு நல்ல எதிர்காலம் இருக்கு. டிவி, இணையதளம், விளம்பரம்னு எங்க பாத்தாலும் வாய்ப்பு கொட்டிக் கிடக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாழுங்கிணறு என்று சொன்ன அதே வாய்! கேள்வி கேட்கலாம் என்றார்களோ இல்லையோ, எழுந்து நின்றேன்.

"மேடம், உங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா இந்தப் படிப்புல சேர்ப்பீங்களா?"

பின்னால் யாரோ கை தட்டினார்கள். "நல்ல கேள்வி, நல்ல கேள்வி" என்று தலைவர் சிரித்தார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டில் அந்தப் பார்வைக்கு, உன் வாலை ஒட்ட நறுக்குகிறேன் பார் என்று அர்த்தம். ஆனால் தாளை மடித்துக் கீழே வைத்தாள்.

"இருக்கா. சேர்க்க மாட்டேன்னுதான் சொல்லிட்டிருக்கேன்."

அம்மா சுவர்ப் பக்கம் கையை நீட்டினாள்.

"அதோ முதல் படத்துல சிரிக்கறாரே, அவர் இப்ப துணிக்கடை விளம்பரத்துக்கு வாசகம் எழுதறார். அதையும் ஊடகம்னுதான் கணக்குல சேத்திருக்கோம். பக்கத்துல இருக்கற பொண்ண, டிவில சேந்த ஆறே மாசத்துல ஆள் குறைப்புன்னு அனுப்பிட்டாங்க. நிருபர் வேலை சில பேருக்குத்தான் கிடைக்குது. கிடைச்சாலும் சம்பளம் வந்தாத்தான் நிஜம். கையேட்டுல கேமரா மூணுன்னு போட்டிருக்கு. ஓடறது ஒண்ணு, அதுவும் தலைல தட்டினாத்தான் ஓடும். ஒண்ணு மட்டும் உருப்படியா சொல்லித் தர்றோம். ஆளத் தேடிப் போய்க் கேக்கறது, கேட்டத இன்னொருத்தர்கிட்ட சரிபாக்கறது."

தலைவர் பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினார். "மேடம் ரொம்ப தமாஷாப் பேசுவாங்க... மேடம், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

அம்மா விடுவிடுவென்று இறங்கிப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"என் வேலைக்கு உலை வெச்சிட்டியே, சந்தோஷமாடி?"

"வீட்ல ஒண்ணு, மேடைல ஒண்ணு பேசினா? வேற என்ன செய்யச் சொல்ற?"

"வாயாடி!" தண்ணீர்க் குழாயில் கையேந்திக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "உனக்குக் கேள்வி கேக்கவே தெரியல. பாதில விட்டுட்ட" என்றாள்.

"எத விட்டேனாம்?"

"இவ்வளவு கேடுகெட்ட பொழப்புல ஏன் இருபது வருஷம் கெடந்தீங்கன்னு கேக்க வேணாமா? அதுதானே கேள்வி!"

"சரி, ஏன் கெடந்த?"

"மூலைல வெச்சுக் கேட்டா? உள்ள வந்து கேளு. எல்லாரும் கேக்கட்டும்."

உள்ளே தலைவர் வாய்ப்புகளை மறுபடி அள்ளி வீசிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே கத்திக் கேட்டேன். மொத்தக் கூட்டமும் திரும்பியது. மைக் இல்லாமலே அம்மாவின் குரல் கடைசிச் சுவர் வரை போயிற்று.

"பொய் சொல்லிட்டுத் திரியற பெரிய மனுஷங்களுக்கு, வாசல்ல என்னப் பாத்ததும் வேர்த்துக் கொட்டும். அந்தச் சுகத்த வேற எந்த வேலையும் எனக்குத் தரல. மூணு தடவ வேலை போயிருக்கு. இன்னிக்குப் போனா நாலாவது. போகட்டும்! சம்பளத்த நம்பி வர்றவங்க தயவுசெஞ்சு வராதீங்க. இதுக்குன்னா வாங்க."

துறைத் தலைவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். சில பெற்றோர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். சிலர் உட்கார்ந்தே இருந்தார்கள்.

நான் விண்ணப்பத்தை நீட்டினேன்.

"எல்லாத்தையும் கேட்டுட்ட இல்ல? இன்னும் வேணுமா?"

"இப்பத்தான் வேணும்."

"பேனா எங்க?"

என்னிடம் இல்லை.

"நிருபர் ஆகப் போறாளாம், கையில ஒரு பேனா இல்ல!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நேராக மேடைக்குப் போய், தலைவரின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, அந்தச் சிரித்த முகங்களுக்குக் கீழே சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை அவர் பையிலேயே திரும்பச் செருகினாள்.

"நாளைலருந்து நான் இங்க இருக்க மாட்டேன். என் பேரச் சொல்லி யார்கிட்டயும் சலுகை கேக்காத."

"உன் பேரச் சொன்னா சலுகை வேற குடுப்பாங்களாக்கும்?" என்றேன்.