நடுவில் மூன்று இலக்கம்

அரசுகள் கவிழும், மலைகள் கரையும். பகா எண் மட்டும் எவராலும் பிளக்கப்படாமல் நிற்கும். இந்த மகாவாக்கியத்தைக் கல்லூரிக் கணிதத்துறைத் தலைவர் ஒரு வாரமாகக் குளியலறைக் கண்ணாடியிடம் சொல்லிப் பார்த்திருந்தார். கண்ணாடி மறுத்துப் பேசவில்லை.

புதுக் கட்டட வாசலில், கருங்கல்லில், அவர் தேர்ந்தெடுத்த எண்: ஒன்றிலிருந்து பத்துவரை ஏறி, மறுபடி ஒன்றுவரை இறங்கும் 12345678910987654321. இருபது இலக்கம். தன்னையும் ஒன்றையும் தவிர எதற்கும் மசியாது. கீழே அவர் பெயர், பட்டங்களோடு. கல்லைத் திறக்க நிர்வாகச் செயலாளர் பத்து மணிக்கு வருகிறார். முதல்வர் நாற்காலி காலி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிற ஆள்தான் வேண்டும் என்று செயலாளர் சொல்லியிருந்தார். விடைத்தாளில் நடுவே ஒரு வரி விட்டுப்போனாலும் முட்டை போடுகிற தன்னைத்தான் சொல்கிறார் என்பதில் தலைவருக்குச் சந்தேகமே இல்லை.

ஒன்பதே முக்காலுக்கு அவர் மனைவி, ஆரம்பப் பள்ளி டீச்சர், திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இது மூணால வகுபடுதே!"

"உன் மூணாங்கிளாஸ் கணக்கை இங்க கொண்டுவராதே."

"ரெண்டு பக்கமும் முப்பத்தாறு, நடுவுல ஒரு ஒன்பது. கூட்டினா எண்பத்தொன்னு. எங்க வாண்டுங்களே சொல்லிடும்."

தலைவர் விரலால் எண்ணினார். பதினேழு. ஒன்பதுவரை ஏறிய எண் பத்தைத் தொடாமலே இறங்கியிருந்தது: 12345678987654321. ஒன்பது ஒன்றுகளை வரிசையாக நிறுத்தி, அதை அதனாலேயே பெருக்கினால் வருவது. பகா எண்ணாவது! மூன்றும் பிளக்கும், முப்பத்தேழும் பிளக்கும்.

"சும்மா இருங்க, யாரு எண்ணப் போறாங்க?" என்றாள்.

செயலாளர் எண்ணினார். திரை விழுந்ததும் எண் அச்சிட்ட அழைப்பிதழை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கை விரலைக் கல்லில் ஓட்டினார்.

"இதுல பத்து இருக்கு, கல்லுல காணோமே?"

தலைவர் கல் செதுக்கியவர் பக்கம் திரும்பினார். "என்னய்யா, என் மானத்தையே வாங்கிட்டியே! யாரைக் கேட்டு வெட்டினே?"

"உங்களைத்தான் சார். பேரும் பட்டமும் பெரிசா வேணும்னீங்க. பேரு யானையாட்டம், நம்பரு எறும்பாட்டமா இருந்தா நல்லாவா இருக்கும்? அதையும் பெரிசாக்கினேன். கல்லு பத்தலை. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே இருக்குன்னு நடுவுல மூணை எடுத்துட்டு, மாதிரி வரைஞ்சு உங்ககிட்ட காட்டினேனே."

சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துச் செயலாளரிடம் நீட்டினார்.

எண்ணைச் சுற்றி ஒரு குறியும் இல்லை. பட்டங்களில் விட்டுப்போன ஒரு புள்ளியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'சரிபார்த்தேன்' என்று எழுதி, தலைவர் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்.