ஆலத்தி எடுக்காத அத்தை

அண்ணன் மகள் ஆண்டாளுக்கு மஞ்சள் நீராட்டு. ஆலத்தி எடுக்க வேண்டிய ஒரே அத்தை அம்புஜவல்லி, விருத்தாசலத்து மண்டபத்தின் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று நரம்பில் வந்த நோய். கால் சில நாள் மரத்துப்போகும், சில நாள் சொன்ன பேச்சைக் கேட்கும். அன்றைக்குக் கேட்கிற நாள்தான். "கால்ல தெம்பு இருக்குதும்மா. பயந்துகிட்டு நடக்காம இருந்தீங்கன்னா அதுவும் போயிடும்" என்று புதுச்சேரி டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவருக்கென்ன, சொல்லுவார். பீங்கான் கம்பெனியில் எல்லார் முன்னாலும் ஈரம் காயாத பொம்மைகள் மேல் விழுந்தது அவரா? வரிசையாக வைத்திருந்த பிள்ளையார்கள் நசுங்கி அவள் புடவையில் ஒட்டிக்கொண்டார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலாம். துடைத்துவிட்டு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து உட்கார்ந்த இடத்திலேயே பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறாள். எழுந்து போக வேண்டிவருமே என்று தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

இன்று கையில் தட்டு, தட்டில் சிவப்புத் தண்ணீர், எதிரே சொந்தபந்தம் மொத்தமும். விழுந்தால்? அண்ணி செல்வநாயகி தட்டோடு வந்தபோது வாய் முந்திக்கொண்டது.

"அண்ணி, வந்த எடத்துல தூரமாயிட்டேன்."

மறுபேச்சு பேச முடியாத சாக்கு. செல்வநாயகியின் முகம் வாடியது.

"நீங்கதான் எடுக்கணும்னு ஒங்க அண்ணன் சொல்லிக்கிட்டே இருந்தாரு. சரி, வுடுங்க."

தட்டு பக்கத்து வீட்டுத் தங்கம்மாளிடம் போயிற்று. தங்கம்மாள் ஆலத்தி சுற்றும்போது மேடையில் இருந்த ஆண்டாளின் கண் கடைசி வரிசையைத் தேடியது. அம்புஜவல்லி குனிந்து, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் இருந்துகொண்டாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது, பட்டுப்புடவை சரசரக்க ஆண்டாளே வந்து நின்றாள். கையில் பேப்பரில் சுற்றிய பொட்டலம்.

"அம்மா சொன்னாங்க, அத்த. எங்கிட்ட பேட் இருந்துது. வாங்க, பாத்ரூமுக்கு நான் கூட வரேன்."

குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. இந்த விஷயத்தில் உதவுகிற அளவுக்கு அவளும் இப்போது பெரியவள்.

வேண்டாம் என்றால் பொய் வெளுத்துவிடும். அம்புஜவல்லி எழுந்தாள். தீட்டு என்று விலகாமல் ஆண்டாளே அவள் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். பந்தியைத் தாண்டி, கை கழுவும் இடத்து ஈரத்தையும் தாண்டி, கொல்லைப்புறம் வரைக்கும் கால் நடந்தது. விழவில்லை.

கதவைத் தாழிட்ட பிறகுதான் உறைத்தது. மேடை இதைவிடப் பக்கம். ஒரு பொய்யைக் காப்பாற்ற இவ்வளவு நடந்த கால், இந்தப் பிள்ளைக்காக ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பொட்டலத்தை மார்போடு பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள்.

"அவசரமில்ல அத்த" என்றாள் ஆண்டாள், வெளியிலிருந்து. "நான் இங்கதான் நிக்குறேன்."