கிள்ளிய மொட்டு

அக்கா கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவள். லென்ஸ் என்றால் அத்துப்படி. வீட்டுச் செடிகளின் பூக்களை நெருக்கத்தில் படமெடுப்பதற்கென்றே கேமரா, மேக்ரோ லென்ஸ், முக்காலி எல்லாம் வாங்கி மூன்று வருடமாக மெனக்கெட்டவள். தங்கை பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். கையில் இருந்தது மூலை உடைந்த போன்.

ஆனால் நூலகத்துப் படக் கண்காட்சியில் நடுச்சுவரில் மாட்டியிருந்தது தங்கை எடுத்த பிகோனியாப் பூவின் படம். அக்காவின் படம் கழிவறைக்குப் போகும் வழியில் தொங்கியது.

"எப்படிடி எடுத்த?" அக்கா சிரித்தபடிதான் கேட்டாள். வயிறு எரிந்தது.

தங்கை எதையும் ஒளிக்கவில்லை. "ஃபேனை நிறுத்திட்டேன். வெயில் நேரா அடிக்கக் கூடாதுன்னு ஜன்னல்ல வெள்ளைத் துணி கட்டினேன். பின்னாடி என் கறுப்பு ஸ்வெட்டர். போனை ரெண்டு புத்தகத்துக்கு நடுவுல சொருகி, டைமர் வச்சுட்டுக் கையை எடுத்துட்டேன். அவ்வளவுதான்க்கா."

அவ்வளவுதானாம்! அந்த ஒரு வார்த்தை அக்காவைக் குடைந்துகொண்டே இருந்தது.

அடுத்த மாதம் தங்கை மூன்று நாள் பயிற்சிக்கு வெளியூர் போனாள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி அக்காவிடம் சாவியைக் கொடுத்திருந்தாள். ஜன்னலோர ஆர்கிட் செடியில் ஒரே ஒரு மொட்டு, இன்றோ நாளையோ என்று நின்றது. அடுத்த கண்காட்சிக்குத் தங்கை நம்பியிருந்தது அதைத்தான். அக்கா தண்ணீர் ஊற்றினாள். ஆளில்லாத வீட்டில் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு மொட்டை நகத்தால் கிள்ளிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்தபின் சோறு இறங்கவில்லை.

தங்கை திரும்பி வந்தாள். மொட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த அக்கா, பூத்திருந்த தன் ஆர்கிட் தொட்டியையும் லென்ஸையும் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"நான்தான்டி கிள்ளினேன்."

"தெரியும்." தங்கை போனை நீட்டினாள். திரை முழுக்க ஒரு பச்சைக் காம்பு. நுனியில் பிறை போல நகத்தின் வெட்டு. "தானா விழுந்தா காஞ்சுபோய் விழும்க்கா. நீயா சொல்றியான்னு பாத்தேன்."

"அதை அழிச்சிடுடி."

"மாட்டேன். தொட்டிய வச்சுட்டுப் போ. லென்ஸ் வேணாம். என் வீட்டுச் சாவியக் குடு."

கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள் அக்கா. முகமெல்லாம் கூசியது. அந்தக் கூச்சத்திலும், காம்பின் ஒவ்வொரு இழையும் தெரிந்த அந்தப் படத்தைத் தன்னால் அவ்வளவு துல்லியமாக எடுத்திருக்க முடியாதே என்று மனசு பொருமியது.