குண்டசாலை வீட்டுக் கிணறு

கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலையில் வாடகைக்கு வந்த புதிதில் சுகிர்தாவுக்குப் பிடித்ததே அந்த இடத்தின் அமைதிதான். அவள் பிறந்து வளர்ந்த மஹய்யாவ, கண்டி நகரத் துப்புரவுத் தொழிலாளர்களின் நெருக்கமான குடியிருப்பு; அங்கே பக்கத்து வீட்டில் தும்மினாலும் இவர்கள் வீட்டில் கேட்கும். குண்டசாலையிலோ வீட்டுக்கு வீடு உயரமான மதில், இரும்பு கேட். காலையில் எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். மாலையில் வந்து கேட்டைச் சாத்திக்கொள்வார்கள். சில மாதங்களில் அந்த அமைதியே அவளுக்குப் பாரமாகிவிட்டது.

எதிர்வீட்டு தெரேசா மட்டும் அவளோடு பேசுவாள். கண்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. சுகிர்தா வேலை செய்த மூக்குக்கண்ணாடிக் கடையும் அதே தெருவில்தான். ஒருநாள் நெரிசலான பஸ்ஸில் இருவரும் ஒரே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகும்போது தெரேசா கேட்டாள்.

"முந்தி எங்க இருந்தீங்க?"

"டவுன்லதான்."

"டவுன்ல எந்தப் பக்கம்?"

"ஆஸ்பத்திரிப் பக்கம்," என்று சொல்லிவிட்டு சுகிர்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

அப்படிச் சொல்லச் சொன்னது அவள் கணவன் நிரஞ்சன். "மஹய்யாவன்னாலே ஒரு மாதிரியாப் பார்ப்பாங்க. எதுக்கு வம்பு?" சுகிர்தாவின் அம்மா சுப்பம்மா இப்போதும் மாநகரசபையில் தெருக்கூட்டும் வேலை பார்க்கிறாள். எத்தனை தடவை கூப்பிட்டும் அவள் குண்டசாலைப் பக்கம் வரவில்லை. "நான் வந்தா உனக்குத்தான் சங்கடம். நீ நல்லா இரு, அது போதும்," என்று தட்டிக்கழிப்பாள்.

அந்த வருஷம் மழை விடாமல் கொட்டியது. மண் சரிந்து பெரிய குழாய் உடைந்துவிட, அந்தப் பக்கம் எங்குமே தண்ணீர் வரவில்லை. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி ஒருமுறை வந்தது. பிறகு அதையும் காணவில்லை. அந்தச் சின்னத் தெருவில் கிணறு இருந்தது சுகிர்தாவின் வீட்டில் மட்டும்தான், அதற்கும் கம்பி மூடி போட்டுப் பூட்டியிருந்தது. வீட்டுக்காரர் மக்கீன் ஹாஜியார் அக்குறணையில் துணிக்கடை வைத்திருப்பவர். சுகிர்தா அவருக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

"சின்னப் புள்ளைகள் விழாம இருக்கத்தான், மகள், பூட்டு. தண்ணிக்குப் பூட்டுப் போட நான் யாரு? சாவி குசினி அலுமாரிக்குள்ள ஈக்கிது. எல்லாருக்கும் குடுங்க."

சமையலறை அலுமாரியிலிருந்து சாவியை எடுத்து, சுகிர்தாவும் நிரஞ்சனும் மூடியைத் திறந்தார்கள். தண்ணீர் தெளிவாகத்தான் கிடந்தது. இறைக்கக் கயிறு இல்லை. பேச்சோடு பேச்சாக இதை அம்மாவிடம் போனில் சொன்னாள் சுகிர்தா. ஞாயிற்றுக்கிழமை மதியம் கேட்டைத் திறந்தால், தோளில் கயிற்றுச் சுருளோடு சுப்பம்மா நிற்கிறாள். வேலை முடிந்த கையோடு வந்திருந்தாள். மேலே மாநகரசபையின் செம்மஞ்சள் அங்கி அப்படியே இருந்தது.

"உள்ள போய் இதைக் கழட்டிறேன்," என்று அவள் அவசரமாகப் படியேறப்போனாள்.

அதற்குள் தெரேசா இரண்டு வாளிகளோடு வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சில பேர். சுப்பம்மா படியேறாமலே கயிற்றைக் கட்டி முதல் வாளியை இறைத்து வைத்துவிட்டு, கயிற்றை மகளிடம் நீட்டினாள். "நீ இறைச்சுக் குடு புள்ள. நான் அந்தப் பக்கம் போறேன்."

சுகிர்தா கையை நீட்டவில்லை. நிரஞ்சன் வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லம்மா, நீயே குடு," என்றாள். பிறகு தெரேசாவைப் பார்த்தாள். "இது எங்க அம்மா. டவுன்ல தெருக்கூட்டுறாங்க. நாங்க மஹய்யாவ ஆளுங்க. அன்னைக்கு பஸ்ல உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

பின்னால் நின்ற ஒருவர் வெறும் வாளியோடு திரும்பிப் போய்விட்டார். தெரேசா அவர் போவதைப் பார்த்தாள். தன் வாளிகளைக் கிணற்றடியில் வைத்தாள்.

"எனக்கு ரெண்டு வாளியும் நெறைய வேணும்மா," என்றாள் சுப்பம்மாவிடம். "ஆனா காலையில இருந்து வேலை செஞ்சிட்டு வந்திருக்கீங்க. கயிறைக் குடுங்க, நானும் பிடிக்கிறேன்."

தெரேசாவுக்கு இறைக்கத் தெரியவில்லை. வாளி பாதிவழியில் சுவரில் மோதி, அவள் சட்டை முழுக்க நனைந்தது. சுப்பம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "இப்படி இழுத்தா கிணறுதான் மேல வரும்!" சிரிப்பு மற்றவர்களையும் தொற்றிக்கொண்டது. நிரஞ்சன் வாசலிலிருந்து இறங்கி வந்து கயிற்றைப் பிடித்தான்.

குழாயில் தண்ணீர் வரும்வரை அவர்கள் வீட்டு கேட் பகலெல்லாம் திறந்தே கிடந்தது. திரும்பிப்போன அந்த மனிதர் கடைசிவரை வரவில்லை. அவருடைய மனைவி வந்தாள். முதலில் தயங்கித் தயங்கி வந்தவள், பிறகு கிணற்றடியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுமளவுக்குப் பழகிவிட்டாள்.

குழாய் சரியான அடுத்த வாரம் பஸ்ஸில் அதே நெரிசல். எப்படியோ ஒரு சீட்டைப் பிடித்திருந்த தெரேசா நகர்ந்து, சுகிர்தாவையும் பக்கத்தில் இடித்துப்பிடித்து உட்காரவைத்தாள்.

"அம்மா மறுபடி எப்ப வர்றாங்க?"

"வெள்ளிக்கிழமை. ரெண்டு நாள் தங்கிட்டுத்தான் போவாங்களாம். அவங்களாவே கேட்டாங்க," என்றாள் சுகிர்தா. அதைச் சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது.