கூட்டத்துக்கு முன்னால் ஒரு ஜெபம்

விடிந்ததும் முழங்காலிட்டு நன்றி சொல்வதும், அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சியில் முதல் கிண்ணத்தைப் பக்கத்து வீட்டு மாலித்தாவுக்குக் கொண்டுபோவதும் ஃபலேசிக்கு மூச்சு விடுவது மாதிரி. மாலித்தாவுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. "நன்றின்னு வாய் மட்டும் சொன்னாப் போதுமா, கையும் சொல்லணும்ல" என்பாள் ஃபலேசி.

அன்று அவள் வாயில் நன்றி வரவில்லை. மகள் தடாலாவுக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்து, விடியும் நேரத்தில் கண் செருகி, கைகால் வெட்டி இழுத்தது. கணவன் வைசன் பிள்ளையை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, முலாஞ்சே மலையடியில் இருக்கும் மிஷன் ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளை மிதித்தான். ஃபலேசி நடந்தே போகப் புறப்பட்டபோது, மாலித்தா பின்வாசல் வழியாக ஓடி வந்து உள்ளே விழுந்தாள்.

"ஃபலேசி, என் கூரையில தீ வச்சுட்டாங்கடி. என்னைத் தேடி வர்றாங்க!"

சொல்லி முடிப்பதற்குள் முன்வாசலில் கூட்டம். முன்னால் நின்றவன் வைசனின் தம்பி ஸ்டனாலா. கையில் மண்வெட்டிக் காம்பு.

"அண்ணி, அந்தச் சூனியக்காரிய வெளிய அனுப்புங்க."

"என்ன பேச்சு தம்பி இது? பிள்ளைக்கு மலேரியா."

"போன மழைக்கு டோரிகா மகன் போனான். இப்ப தடாலாவா? கஞ்சி ஊத்திப் பாம்பை வளர்த்ததே நீங்கதான். நீங்க அவளைத் தொடக்கூட வேணாம். 'ஆமா, அவதான்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

ஃபலேசிக்கு ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டு நாளுக்கு முன்புதான் மாலித்தா தடாலாவின் கன்னத்தைக் கிள்ளி, "எப்படிக் கொழுகொழுன்னு ஆயிட்டா பாரேன்" என்றாள். இவர்கள் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால்? அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் வழி விடுவார்கள், பிள்ளையிடம் ஓடலாம். யாரோ எறிந்த கல் கதவில் பட்டுத் தெறித்தது. உள்ளே மாலித்தா தேம்பினாள்.

ஃபலேசி வாசலை அடைத்துக்கொண்டு முழங்காலிட்டாள்.

"ஆண்டவரே, ஸ்டனாலாவுக்காக நன்றி. புயல்ல எங்க கூரை பறந்தப்ப, சோறு தண்ணி இல்லாம நின்னு வேஞ்சு கொடுத்தான்."

"அண்ணி, நிறுத்துங்க!"

"டோரிகாவுக்காக நன்றி. தடாலா பொறந்தப்ப என்னைக் கழுவி எடுத்தது அவ கைதான்."

"ஜெபம் பண்ணி ஏய்க்கிறா. ராத்திரி சூனியக்காரிங்க முறத்துல ஏறிப் பறக்கிறதுல இவளும் கூட்டாளி போல!" என்றான் ஒருவன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஃபலேசி அவனையும் விடவில்லை. அவன் பேரைச் சொல்லி, பஞ்சத்தில் அவன் வீட்டிலிருந்து வந்த மாவுக்கு நன்றி சொன்னாள்.

"மாலித்தா அக்காவுக்காகவும்... ஆண்டவரே, பொய் சொல்ல மாட்டேன். அவளை நினைச்சா இப்ப எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அவ எதுவும் செஞ்சு நான் பாக்கல. பாக்காததைச் சொல்லச் சொல்றாங்க. என் வாயை நீங்கதான் காக்கணும்."

கூட்டத்தில் நின்ற டோரிகா அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

"நானும் பாக்கலடா ஸ்டனாலா" என்றாள். "என் பிள்ளை போனதுக்கு யாரையாவது அடிக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

பெண்கள் டோரிகாவைச் சுற்றிக் கூடினார்கள். ஸ்டனாலா அசையவில்லை. ஃபலேசி உள்ளே போய் மாலித்தாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அவனை உரசியபடியே வெளியே நடந்தாள். பின்னாலிருந்து வந்த ஒரு கல் அவள் தோளைப் பதம் பார்த்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஆஸ்பத்திரியில் தடாலாவுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. உச்சிவெயில் நேரத்தில் கண் திறந்தாள். மாலித்தாவைக் கண்டதும் வைசனின் முகம் கறுத்தது.

"இவளை எதுக்குக் கூட்டிட்டு வந்த?"

"வேற எங்க விட்டுட்டு வரச் சொல்றீங்க?"

அவன் பிள்ளையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாலித்தா ஊர் திரும்பவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே, சோம்பா நகரத்தில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்கு மினி பஸ் ஏறினாள். பஸ் வளைவில் மறைந்ததும் ஃபலேசிக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கினாற்போல் இருந்தது. அப்படி இறங்கியதே அவளைச் சுட்டது. ரோட்டோரத்தில் நின்று வாய்விட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பிள்ளையிடம் போனாள்.