ஏழு ஆட்டினும் ஆறு கிளாவரும்

உப்பளத்துச் சீட்டு கிளப்பில் செல்வாம்பாள் குதிப்பாள் என்பது ஊரறிந்த சங்கதி. காலால் அல்ல, வாயால். பிரிட்ஜ் ஆட்டத்துக்கு நாலு பேர். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. சீட்டை இறக்குவதற்கு முன்னால் ஏலம் நடக்கும். எந்த ஜாதி துருப்பு, ஆறு பிடிக்கு மேல் இன்னும் எத்தனை பிடி என்று ஒருவருக்கு மேல் ஒருவர் கேட்டுக்கொண்டே போக வேண்டும். மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று படிப்படியாக ஏறுவார்கள். இந்த அம்மாளுக்கோ, படச்சீட்டு இல்லாவிட்டாலும் ஒரே ஜாதி ஏழெட்டு விழுந்தால் போதும், எடுத்த எடுப்பில் மூன்று, நான்கு என்று உச்சியில் போய் உட்கார்ந்துகொள்வாள். நல்ல சீட்டு வைத்திருக்கும் எதிராளிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள இடமில்லாமல் திருதிருவென்று விழிப்பார்கள். சில நாள் பலிக்கும். சில நாள் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

அப்படி வாங்கும்போது கூடவே வாங்குகிறவர் எதிரே இருக்கும் ஜோடி. அது வேறு யாருமில்லை, அவள் புருஷன் சாமிக்கண்ணு. மின்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், சட்டம் என்றால் சட்டம் என்கிற மனுஷர். அந்தக் கிளப்பில் தன் மேல் தானே புகார் கொடுத்துக்கொண்ட ஒரே ஆள் அவர்தான். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகன் விஜய் பிரான்சுக்குப் போன பிறகு வீட்டில் என்ன பேச்சு இருக்கிறது? பால் வந்ததா, மோட்டார் போட்டாச்சா, அவ்வளவுதான். சனிக்கிழமை ஆட்டம் முடிந்தால் மட்டும் கதையே வேறு. அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை வைத்துக்கொண்டு புதன்கிழமை வரைக்கும் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை செல்வாம்பாளுக்கு ரொம்பப் பிடிக்கும். அவரிடம் இதைச் சொன்னதில்லை.

போன சனிக்கிழமை அவள் ஆறே ஆறு டைமனை வைத்துக்கொண்டு குதித்தாள். ஐந்து பிடி குறைந்து, அந்த வருஷக் கோப்பை கையை விட்டுப் போனது. வீடு வரைக்கும் ஸ்கூட்டரில் சாமிக்கண்ணு வாயே திறக்கவில்லை. அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டு, அடுத்த மாதத்தில் இருந்து டாக்டர் பிரேம்குமாரோடு உட்காரலாம் என்று பார்ப்பதாகச் சொன்னார். கதிர்காமம் ஆஸ்பத்திரி டாக்டர், நிதானமான ஆட்டக்காரர், அவரே வாய் விட்டுக் கேட்டிருக்கிறாராம்.

செல்வாம்பாள் அடுப்பைச் சின்னதாக்கினாள். கோப்பை போனால் போகிறது. எதிர் நாற்காலியும் போய்விட்டால் வீட்டில் பால் கணக்கும் மோட்டாரும்தான் மிச்சம்.

"ஒரு வாரம் பாருங்க. குதிக்க மாட்டேன்" என்றாள்.

"பாக்கறேன்" என்றார் அவர்.

இந்தச் சனிக்கிழமை அவள் குதிக்கவில்லை. பெஞ்சில் உட்கார வைத்த பிள்ளை மாதிரி சமர்த்தாக ஆடினாள். ஆட்டம் சுமாராகப் போனது, சாமிக்கண்ணுவின் முகமும் சுமாராகத்தான் இருந்தது. கடைசிச் சுற்றில் எதிராளிகள் யார் என்றால், அதே டாக்டர் பிரேம்குமாரும் மின்சாமான் கடை மொய்னுதீனும். டாக்டர் அவளுக்கு வலப்பக்கம், மொய்னுதீன் இடப்பக்கம்.

அந்தச் சுற்றின் முதல் கைச் சீட்டை எடுத்து விரித்தாள். ஏழு ஆட்டின். ஆறு கிளாவர். இஸ்பேட் ஒன்றுகூட இல்லை, டைமன் ஒன்றுகூட இல்லை. இத்தனை வருஷ ஆட்டத்தில் இப்படி ஒரு கையை அவள் பார்த்ததில்லை.

ஏலம் தொடங்க வேண்டியவர் டாக்டர். சீட்டை ஒரு தட்டு தட்டி அடுக்கிக்கொண்டு, "நாலு இஸ்பேட்" என்றார்.

அட! நிதானத்துக்குப் பேர் போன மனுஷர், அவளிடம் பட்டுப் பட்டு அவள் வித்தையை அவளிடமே காட்டுகிறார். ஆட்டின் இஸ்பேட்டுக்குக் கீழே, அதனால் இப்போது அவள் ஐந்து ஆட்டின் கேட்க வேண்டும், இல்லை பாஸ் சொல்ல வேண்டும். தொண்டை வரைக்கும் ஐந்து ஆட்டின் வந்துவிட்டது. இது குதிப்பதா, ஏறுவதா? கையில் இருக்கும் படமோ கொஞ்சம்தான். எதிரே அவர் கையில் ஒன்றும் இல்லாவிட்டால் போன வாரக் கதைதான். கணக்கு டீச்சர் கணக்குப் போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். தலைக்கு மேலே விசிறி கிறீச்சிட்டது. மொய்னுதீன் இருமினார். சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது.

"பாஸ்" என்றாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஐயோ, இவ்வளவு நேரம் யோசித்துவிட்டோமே! பிரிட்ஜில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. ஒருத்தி யோசித்து யோசித்துப் பாஸ் சொன்னால், கையில் என்னவோ இருக்கிறது என்று எதிரே இருக்கும் ஜோடிக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை வைத்து அவர் ஆடக் கூடாது. சந்தேகமான இடமென்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதைக் கறாராகக் கடைப்பிடிக்கிறவர்கள் அந்தக் கிளப்பில் அதிகம் பேர் இல்லை. சாமிக்கண்ணு அந்தச் சிலரில் முதல் ஆள்.

மொய்னுதீன் பாஸ் சொன்னார். சாமிக்கண்ணு தம் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. சீட்டை மூடி மேசை மேல் வைத்து, மறுபடி எடுத்தார்.

"பாஸ்."

டாக்டர் கேட்டது பத்து, எடுத்தது பதினொரு பிடி. ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல நாலு பேரும் சீட்டைத் திருப்பி வைத்தார்கள். சாமிக்கண்ணுவிடம் இரண்டு ஆஸ், ஒரு கிங், அதோடு நாலு ஆட்டின். மொய்னுதீன்தான் எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார். ஆட்டினைத் துருப்பாக வைத்திருந்தால் புருஷனும் பெண்டாட்டியும் பன்னிரண்டு பிடி எடுத்திருப்பார்கள், தடுக்க ஆளே கிடையாது என்றார்.

செல்வாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். முடிந்தது கதை, அந்த நாற்காலி இனி டாக்டருடையது என்று நினைத்தாள்.

சாமிக்கண்ணு அவளுடைய பதின்மூன்று சீட்டையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ யோசிக்காம இருந்திருந்தா நான் டபுள் சொல்லி உன்னைக் கேக்க வச்சிருப்பேன்" என்றார். "யோசிச்சிட்ட. என் வாய் கட்டிப்போச்சு."

"நீங்கதான குதிக்காதன்னீங்க."

"ஆமா, நான்தான் சொன்னேன்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ குதிச்சா உன் கையில என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியும். தப்போ சரியோ, தெரியும். நீ அடக்கிக்கிட்டு ஒக்காந்தா எனக்கு ஒண்ணும் தெரியக் கூடாது. நல்லாவா இருக்குது?"

அவர் குரலில் கோபம் இல்லை என்பதுதான் அவளுக்கு முதலில் புரிந்தது.

அடுத்த சீட்டு வந்தது. எட்டு டைமன், ராணிக்கு மேலே ஒன்றும் கிடையாது, மற்றதெல்லாம் குப்பை. இந்த முறை ஏலம் தொடங்க வேண்டியவள் அவளே. விசிறி கிறீச்சிடக்கூட நேரம் கொடுக்கவில்லை.

"நாலு டைமன்."

மொய்னுதீன் சிரித்துக்கொண்டே டபுள் போட்டார். சாமிக்கண்ணு தம் சீட்டை மேசையில் விரித்து வைத்தார், அதில் ஒரு புண்ணியமும் இல்லை. மூன்று பிடி குறைந்தது. டபுள் போட்டதில் நஷ்டம் இரட்டிப்புக்கு மேலாகி, அன்றைக்கு அவர்கள் இருந்த சுமாரான இடமும் போய்க் கடைசிக்குப் பக்கத்தில் வந்தார்கள்.

எழுந்திருக்கும்போது டாக்டர் மெதுவாக, அடுத்த மாதத்துக்கு என்ன முடிவு செய்திருக்கிறார் என்று சாமிக்கண்ணுவைக் கேட்டார்.

"மன்னிச்சிக்குங்க டாக்டர். எனக்கு ஆள் இருக்குது" என்றார் சாமிக்கண்ணு.

செல்வாம்பாள் அதைக் கேட்காதவள் மாதிரி சீட்டுக்கட்டை உறையில் போட்டாள். அவசரத்தில் இரண்டு சீட்டு கீழே விழுந்தன. மொய்னுதீன் எடுத்துக் கொடுத்தார்.

வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. ஸ்கூட்டர் கிளப் வாசலைத் தாண்டுவதற்குள் சாமிக்கண்ணு ஆரம்பித்துவிட்டார். எட்டு டைமன் இருந்தால் என்ன, ராணியை நம்பியா நாலு கேட்பார்கள், மூன்றோடு நிறுத்தியிருந்தால் குடியா முழுகிப் போயிருக்கும்? மூன்று கேட்டால் மொய்னுதீன் சும்மா இருப்பாரா என்று அவள் பின்னால் இருந்து கத்தினாள். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, திரும்பிப் பார்த்து, விரலை மடக்கி மடக்கிக் கணக்குச் சொன்னார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுத் திருப்பம் வந்தது. சாமிக்கண்ணு திரும்பாமல், பேசிக்கொண்டே நேராக ஓட்டிக்கொண்டு போனார். அவளும் சொல்லவில்லை.